டேனும் 17,700 ரூபாயும்

எங்க வீட்டுல பார்லர் செலவு என் டிபார்ட்மெண்ட் கிடையாது. பால் கணக்கு, கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ்னு எல்லாத்தையும் எக்செல்ல ஏத்தி வைக்கிற ஆளுதான் நான். ஆனா 'பார்லர்'ங்கிற வரி வந்தா மட்டும் கண்ணை மூடிக்கிட்டு அடுத்த வரிக்குத் தாவிடுவேன். பதினாறு வருஷக் குடும்ப வாழ்க்கை கத்துக்குடுத்த பாடம். 2024 மே மாசம் கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்ல ஒரே வரியில 17,700 ரூபாய் உக்காந்திருந்துச்சு பாருங்க, அன்னிக்குத்தான் கண்ணை மூட முடியலை.

"என்னம்மா இது?"

"டி-டேன் பேக்கேஜுங்க. உங்க பொண்ணுக்கு. பத்து சிட்டிங்."

"பத்து சிட்டிங்கா? மேத்ஸ் டியூஷன் மாதிரில்ல இருக்கு?"

தங்கமணி முறைச்சதுல ஜோக் அங்கேயே செத்துப்போச்சு.

கதை இதுதான். ஆனி மாசம் கோவில்பட்டியில தங்கமணியோட அக்கா பையனுக்குக் கல்யாணம். அதுக்குப் போறதுக்கு முன்னாடி புருவம் த்ரெட்டிங் பண்ணிக்க அம்மாவும் பொண்ணும் நொய்டாவுல ஒரு மாலுக்குள்ள இருக்கிற பெரிய சலூனுக்குப் போயிருக்காங்க. (பேரு வேண்டாம். நல்லா ஏசி போட்ட, உள்ளே நுழைஞ்சதும் க்ரீன் டீ குடுக்கிற டைப் இடம்னு வெச்சுக்கங்க.) த்ரெட்டிங் ரெண்டு பேருக்கும் சேர்த்து இருநூறு ரூபாய் கூட ஆகலை. ஆனா அது முடியறதுக்குள்ள கவுண்டர்ல இருந்த பொண்ணு வந்து என் மகளோட கையைப் பிடிச்சு, "மேம், பேபிக்கு டேனிங் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு"ன்னு ஹிந்தியில கவலைப்பட்டிருக்கா. அப்படியே ஃப்ரீ டெமோ. முன்னங்கையில பாதிக்கு மட்டும் ஏதோ ஒரு க்ரீம், பத்து நிமிஷம், அழுத்தித் துடைச்சு, பெரிய வெள்ளை லைட்டுக்குக் கீழே கையை நீட்டச் சொல்லி, "பாருங்க, இதுதான் உங்க அசல் கலர்."

நிஜமாவே வித்தியாசம் தெரிஞ்சுதாம். தேய்ச்ச இடத்துல அழுக்கும் செத்த தோலும் போயி, க்ரீமோட வெள்ளையும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்தா யார் கையில வேணா வித்தியாசம் தெரியும். நம்ம வீட்டு எவர்சில்வர் சொம்புல பாதியை மட்டும் புளி போட்டுத் தேய்ச்சுப் பாருங்க.

பொண்ணுக்கு அப்போ பதினாலு வயசு. ஸ்கூல்ல பாஸ்கெட்பால் ஆடுறவ. நிறத்துல அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கா, நான் எங்க ஆச்சியை உரிச்சு வெச்சிருக்கேன். கரிசல் காட்டுக் கலர். டில்லியிலயே பொறந்து வளர்ந்ததால கிளாஸ்ல இருக்கிற பஞ்சாபிப் பொண்ணுங்களுக்கு நடுவுல அவ எப்பவும் தனியாத்தான் தெரிவா. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா அவ அதைப் பத்தி என்ன நினைக்கிறான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காம இருந்தா அது இல்லைன்னு ஆயிடும்கிற நம்பிக்கை. அப்பன்காரனுங்களுக்கே உரிய வியாதி.

ரெண்டாவது சிட்டிங்குக்கு டிரைவர் உத்தியோகம் பார்த்ததுல நானும் உள்ளே போனேன். சும்மா உக்காராம மெனு கார்டை எடுத்துப் படிச்சேன். நம்ம தொழில் புத்தி. முகம், கழுத்து, ரெண்டு கை சேர்த்து டி-டேன் ஒரு சிட்டிங் 2,500 ரூபாய். பத்து சிட்டிங் தனித்தனியா எடுத்தா 25,000. பேக்கேஜா எடுத்தா 40 சதவீதம் தள்ளி 15,000. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 2,700. ஆக 17,700. கணக்கு சுத்தமா இருக்கு. ஆனா அந்த 2,500 ரூபாய்க்கு யாராவது ஒத்தை சிட்டிங் வாங்குறாங்களான்னு ஒரு மணி நேரம் கவனிச்சேன். ஒருத்தரும் வாங்கலை. அது விக்கிறதுக்குப் போட்ட விலையே இல்லை, பக்கத்துல இருக்கிற 1,500-ஐ மலிவாக் காட்டறதுக்குப் போட்ட விலை. (அதுக்கு இன்னொரு உபயோகமும் உண்டுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. பொறுங்க.)

இந்த 18 சதவீதம் 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 5 சதவீதமா குறைஞ்சிடுச்சு. ஆனா சலூன்காரங்க தாங்க வாங்குற சாமான்ல கட்டின வரியை இனிமே கழிச்சுக்க முடியாது. அதனால மெனு கார்டு விலை கொஞ்சம் ஏறினா ஆச்சரியப்படாதீங்க.

அந்த ஒரு மணி நேரத்துல என்னையும் விடலை. கவுண்டர் பொண்ணு என் மூஞ்சியை ரெண்டு பக்கமும் திருப்பாத குறையா பார்த்துட்டு, "சார், ஆப் கோ பீ டேனிங் ஹை"ன்னா. நான் சொன்னேன், அம்மா, இது டேனிங் இல்லை, நாலு தலைமுறை சொத்து. அவளுக்குப் புரியலை. ஃபேமிலி ஆட்-ஆன் 20 சதவீதம் தள்ளுபடின்னு சொன்னா.

இங்கே கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள் சுத்திக்கிறேன். 2006-ல ஆன்சைட்டுக்காக ஒஹையோவுல கொலம்பஸ் நகரத்துல ஆறு மாசம் இருந்தேன். ஞாயித்துக்கிழமை துணி துவைக்கப் போற காயின் லாண்டரியில சில்லறை மெஷின் ரிப்பேர். பக்கத்துக் கடையில சில்லறை கேட்கலாம்னு நுழைஞ்சா, அது டேனிங் சலூன். வெள்ளைக்காரங்க காசு குடுத்துக் கறுக்கிற இடம். புற ஊதா விளக்கு பதிச்ச படுக்கையில கண்ணாடி மாட்டிக்கிட்டுப் படுத்தா பத்து நிமிஷத்துல வெயில் காஞ்ச எஃபெக்ட். சரவணபவன்ல மெனு போர்டு படிக்கிற மாதிரி விலைப் பலகையைப் படிச்சுக்கிட்டு நின்னேன். சாதா படுக்கை ஒரு விலை, பவர் ஜாஸ்தியான படுக்கை அதைவிட ஜாஸ்தி, மாசம் பூரா எத்தனை தடவை வேணாலும் வரலாம்னா இன்னொரு விலை. கவுண்டர்ல இருந்த அம்மா எனக்குச் சில்லறை எண்ணிக் குடுத்துட்டு, என்னை மேலயும் கீழயும் பார்த்து, சிரிச்சுக்கிட்டே, "உங்களுக்கு விக்கிறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லை"ன்னாங்க. ஊருக்குத் திரும்பி ரெண்டு வருஷம் இதைச் சொல்லிச் சொல்லியே எல்லாரையும் அறுத்திருக்கேன்.

அவங்க விக்கிறது நல்ல சரக்குன்னு சொல்ல வரலை. 2009-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அந்தப் படுக்கைகளை, மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்குறதுன்னு உறுதியான முதல் பிரிவுல, சிகரெட்டோட சேர்த்துடுச்சு. பிரேசில் அதே வருஷம் தடை பண்ணிச்சு. அமெரிக்காவுல 2010 ஜூலைல 10 சதவீதம் தனி வரி போட்டாங்க. (அவங்க கறுக்கிறதுக்கு 10, நாம வெளுக்கிறதுக்கு 18.) ஆனா அந்தக் கடைக்குள்ள போறவனுக்குத் தன்கிட்ட இல்லாத ஒரு கலரை வாங்கப்போறோம்னு நல்லாத் தெரியும். நொய்டாவுல வியாபாரமே வேற மாதிரி. உன்மேல இருக்கிறது உன் கலரே இல்லை, அழுக்கு மாதிரி மேல படிஞ்சது, அடியில உன் அசல் கலர் வேற ஒண்ணு இருக்குன்னு முதல்ல நம்ப வைக்கணும். அதை நம்பிட்டா, அப்புறம் எத்தனை சிட்டிங்குன்னு மட்டும்தான் பேச்சு.

முன்னாடி எல்லாம் இவ்வளவு சுத்தி வளைக்க மாட்டாங்க. நேரா 'சிவப்பழகு'ன்னே விப்பாங்க. ஃபேர் அண்ட் லவ்லி வந்தது 1975-ல. ஆம்பளைங்களுக்குத் தனியா ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்னு வந்தது 2005-ல. கறுப்பைத் தாழ்வாக் காட்டி விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு விளம்பரத் துறையோட தரக் கவுன்சில் 2014-ல விதிமுறை போட்டுது. 2020-ல ஃபேர் அண்ட் லவ்லி பேர்லேர்ந்தே 'ஃபேர்' போயி 'க்ளோ' வந்துச்சு. நல்ல விஷயம்தான்னு நானும் அப்போ நினைச்சேன். அந்த மெனு கார்டைத் தேடிப் பார்த்தா 'ஃபேர்'ங்கிற வார்த்தை ஒரு இடத்துல இல்லை. க்ளோ, ப்ரைட்டனிங், ரேடியன்ஸ், டி-டேன். அதுல டி-டேன்தான் கெட்டிக்கார வார்த்தை. சிவப்பாக்குறேன்னு சொன்னா பொய், ஏமாத்துன்னு சண்டைக்குப் போகலாம். உன் கலரை உனக்கே திருப்பித் தர்றேன்னு சொல்றவன்கிட்ட என்ன சண்டை போடுறது?

நாம மட்டும் யோக்கியமான்னு கேட்காதீங்க. 1998-ல எங்க தங்கச்சிக்கு வரன் பார்க்க பேப்பர்ல விளம்பரம் குடுத்தப்போ 'மாநிறம்'னு எழுதினது நான்தான், என் கையாலயே. அவ என்னைவிட ரெண்டு ஷேடு கூட. தமிழ்ல 'மாநிறம்' மாதிரி இழுத்த இழுப்புக்கு வர்ற வார்த்தை வேற கிடையாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரெண்டாவது சிட்டிங் முடிஞ்ச மறுநாள் பொண்ணுக்குக் கழுத்துலயும் முழங்கை மடிப்புலயும் அரிப்பு. அதுக்கு அடுத்த நாள் சிவந்து தடிச்சிடுச்சு. சலூனுக்குப் போன் பண்ணினா, "நார்மல்தான் மேம், டேன் வெளிய வருது"ன்னு பதில். கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

மயூர் விஹார்லயே ஒரு தோல் டாக்டரம்மாகிட்ட போனோம். ஃபீஸ் 800 ரூபாய், பார்த்தது ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்துல கிடைச்ச விஷயம் பத்து சிட்டிங்குக்குச் சமம். பில்லைக் காட்டச் சொன்னாங்க. அதுல 'டி-டேன் + ப்ளீச் + பேக்'னு போட்டிருந்துச்சு. ப்ளீச்னா ஹைட்ரஜன் பெராக்சைடு, கூட அம்மோனியா. அது தோலோட நிறத்தைவிட, முகத்துலயும் கையிலயும் இருக்கிற பூனை முடியோட நிறத்தைத்தான் வெளுக்கும். முடி பொன்னிறமானா மூஞ்சி பளிச்னு தெரியும். முடி வளர்ந்ததும் மறுபடி பழைய கதை, மறுபடி சிட்டிங். மத்த க்ரீம்ல இருக்கிற ஆசிட் மேல் தோலை உரிக்கும். உரிச்ச தோலோட டில்லி மே மாச வெயில்ல பாஸ்கெட்பால் ஆடினா முன்னைவிடச் சீக்கிரமா கறுக்கும், எரியும். நிஜமான வெயில் டேன்னா என்ன பண்றது டாக்டர்னு கேட்டேன். "ஒண்ணும் பண்ண வேண்டாம். மேல்தோல் ஏறக்குறைய நாலு வாரத்துல புதுசாகிடும். சன்ஸ்க்ரீன் போட்டுக்கிட்டுக் காத்திருங்க, கொஞ்சம் கொஞ்சமா தானாப் போயிடும்."

அப்புறம் பொண்ணோட கையிலிருந்து வாட்ச்சைக் கழட்டச் சொன்னாங்க. ஸ்ட்ராப் இருந்த இடத்தைத் தொட்டு, "வெயில் படாத இடம் இது. இதுக்கும் பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவுதான் உன் டேன். மீதி எல்லாம் நீ."

ஒரு மாற்று. அவ்வளவுதான் இருந்துச்சு. காபியில ஒரு கரண்டி பால் கூட விட்ட அளவு.

எனக்கு அப்படியே நிம்மதியாயிடுச்சு. விஞ்ஞானபூர்வமா நிரூபிச்சாச்சே. கார்ல வரும்போது பின் சீட்லேர்ந்து பொண்ணு கேட்டா, "அப்பா, அப்போ அந்த ஸ்ட்ராப்புக்குள்ள இருக்கிற கலருக்கு மேல நான் எப்பவும் ஆக முடியாதா?"

தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் சிக்னலைப் பார்த்து ஓட்டினேன். முடியாதும்மா, ஆனா அதனால என்னன்னு கேட்டிருக்கணும். அந்த நேரத்துக்கு வாயில வரலை.

எனக்குச் சண்டை போடத் தெரிஞ்சதெல்லாம் கணக்குலதான். அதனால சனிக்கிழமை பில், டாக்டர் சீட்டு ரெண்டையும் எடுத்துக்கிட்டு சலூனுக்குப் போனேன். முதல்ல "நோ ரிஃபண்ட் சார், பில்லுக்குப் பின்னாடி எழுதியிருக்கு." எழுதியிருந்துச்சு, எறும்பு ஊர்ந்த மாதிரி. அப்புறம் மீதி எட்டு சிட்டிங்கை வேற சர்வீஸுக்கு மாத்தித் தர்றோம்னாங்க. அப்புறம் வீட்டுல வேற யாராவது உபயோகிச்சுக்கலாம், சாருக்கே எடுத்துக்கலாம்னாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு மேனேஜர் வந்து கால்குலேட்டரைத் தட்டினார். முடிஞ்ச ரெண்டு சிட்டிங் தலா 2,500, வரியோட 5,900. கேன்சலேஷன் சார்ஜ் பேக்கேஜ் விலையில 20 சதவீதம், 3,000. ஆக உங்களுக்கு 8,800.

அந்த 2,500-க்கு இன்னொரு உபயோகம் இருக்குன்னு சொன்னேனே, அது இதுதான். உள்ளே வரும்போது 1,500-ஐ மலிவாக் காட்டும், வெளிய போகும்போது அந்த விலையிலயே கழிச்சுக்கும். என் கணக்கு: ரெண்டு சிட்டிங் தலா 1,500, வரியோட 3,540. திரும்ப வர வேண்டியது 14,160. அதுவும் அரிப்பு குடுத்த ரெண்டு சிட்டிங்குக்கு நான் பெருந்தன்மையா காசு விடுறேன்.

அன்னிக்கு ஒண்ணும் நடக்கலை. திங்கட்கிழமை 1915-க்குப் போன் பண்ணி, தேசிய நுகர்வோர் உதவி மையத்துல புகார் பதிஞ்சேன். உங்களுக்கும் உபயோகப்படும்கிறதால சொல்றேன்: அவங்களுக்குத் தீர்ப்பு சொல்ற அதிகாரம் கிடையாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குவாங்க. அதுலயே பாதிப் பேர் இறங்கி வருவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை. 2020-ல அமலுக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 'நியாயமற்ற ஒப்பந்தம்'னு ஒரு விளக்கம் இருக்கு. நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அபராதம் போடுறது அதுல ஒண்ணு. இதையெல்லாம் ஒரு மெயில்ல எழுதி, டாக்டர் சீட்டை இணைச்சு அனுப்பினேன். பத்து நாள்ல மேனேஜரே கூப்பிட்டார். கேன்சலேஷன் சார்ஜ் விட்டுடறோம், 11,800 தர்றோம். மீதி 2,360-க்கும் நான் அடுத்த மெயில் டைப் அடிக்க ஆரம்பிச்சேன். தங்கமணி வந்து லேப்டாப்பை மூடினா. "போதும்ங்க. அந்தக் காசு என் முட்டாள்தனத்துக்கு. நானே இதே ஊர்ல இருபது வருஷமா இதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவளுக்காவது இல்லாம இருக்கட்டும்னுதான் பண்ணினேன்."

அதுக்கு மேல நான் டைப் அடிக்கலை.

ஒண்ணு விட்டுட்டேன். ரிஃபண்ட் பேப்பர்ல கையெழுத்துப் போடப் போனப்போ, பொண்ணுக்கு க்ரீம் போட்டுவிட்ட அந்தப் பெண் வெளிய லிஃப்ட் பக்கத்துல நின்னு டிபன் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. ஜார்க்கண்ட்காரங்க. நம்ம கலர்தான், கையில மட்டும் திட்டுத் திட்டா வெளுத்திருந்துச்சு. பேபிக்கு இப்போ பரவாயில்லையான்னு கேட்டாங்க. மாசத்துக்கு இத்தனை பேக்கேஜ்னு டார்கெட் இருக்காம். ஸ்டாஃபும் மாசா மாசம் டி-டேன் போட்டுக்கணுமாம், இல்லைன்னா கஸ்டமர் எப்படி நம்புவாங்கன்னு மேனேஜர் கேட்பாராம். அதுக்குப் பாதி விலையைச் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்களாம். 1915 நம்பரை அவங்ககிட்டயும் குடுக்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அது கஸ்டமர்களுக்கு மட்டும்தான்.

கோவில்பட்டிக் கல்யாணத்துல மண்டப வாசல்லயே ஒரு பெரியம்மா பொண்ணு கன்னத்தைப் பிடிச்சு, "ஏ புள்ள, டில்லி வெயில்ல இப்படிக் கறுத்துட்டியே"ன்னாங்க. அவங்க பேக்கேஜ் எதுவும் விக்கலை, இலவச சேவை. பொண்ணு சிரிச்சுட்டுப் போயிட்டா. ராத்திரி ரூம்ல ரொம்ப நேரம் வாட்ச்சைக் கழட்டி மணிக்கட்டைப் பார்த்துக்கிட்டிருந்தா. நான் தூங்குற மாதிரி படுத்திருந்தேன்.

இப்போ த்ரெட்டிங்குக்கு எங்க பிளாக்குலயே ஒரு ஆன்ட்டி வீட்டுல வெச்சு நடத்துற பார்லருக்குத்தான் போறாங்க. 60 ரூபாய், பேக்கேஜ் கிடையாது, க்ரீன் டீயும் கிடையாது. போன மாசம் கூட்டிக்கிட்டு வரப் போனேன். நான் வாசல்ல செருப்பு விடும்போது உள்ளே ஆன்ட்டி வழக்கமான பாட்டை ஆரம்பிச்சாங்க, "பேட்டா, டேன் ஹோ கயா ஹை, கடலைமாவு உப்டன் போட்டு விடவா?"

பொண்ணு கண்ணைத் திறக்காம, கையை மட்டும் என் பக்கம் நீட்டி, "டேன் நஹீ ஹை ஆன்ட்டி, பாப்பா ஹை"ன்னா. டேன் இல்லை, அப்பா.

ஆன்ட்டி திரும்பி என்னை நல்லாப் பார்த்தாங்க. "தோ சாருக்கும் போட்டுடலாம், ரெண்டு பேருக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய்தான்."